பழம் விடத் தெரியாத வயது

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சண்டை போடவும் தெரியும், சண்டையை முடிக்கவும் தெரியும். சுண்டுவிரலை நீட்டிக் "காய்" என்றால் பேச்சு முறிந்தது. இரண்டு விரலைச் சேர்த்து நீட்டிப் "பழம்" என்றால் பேச்சு மறுபடி தொடங்கியது. விரல் ஊருக்கு ஊர் மாறும், முறை ஒன்றுதான். இங்கே ஹைதராபாத்தின் உப்பலில் தெலுங்குப் பிள்ளைகள் "கட்டீஃப்" என்று முறித்துக்கொள்கிறார்கள், இந்தி பேசும் பிள்ளைகள் "கட்டி" என்கிறார்கள். சேர்ந்துகொள்ள இருவருக்கும் "தோஸ்தி" போதும். யார் மேல் தப்பு, யார் முதலில் கை நீட்டியது என்ற விசாரணையே கிடையாது. முதல் மணிக்குக் காய் விட்டவர்கள் சாப்பாட்டு மணிக்குள் பழம் விட்டு ஒரே டப்பாவில் கை வைத்திருப்பார்கள்.

ஆறாம் வகுப்பில் இந்த முறை காணாமல் போகிறது. பதினோரு வயதுப் பையன் விரலை நீட்டினால் "சின்னப் புள்ளையா நீ?" என்று வகுப்பே சிரிக்கும். ஆனால் சண்டை நிற்பதில்லை. முன்பு பென்சிலுக்கும் ஜன்னலோர இடத்துக்கும் வந்த சண்டை இப்போது பெயருக்கும் மானத்துக்கும் வருகிறது. முன்பு அரை நாள் நீடித்த மௌனம் இப்போது பருவத் தேர்வு வரை நீள்கிறது. பிரிந்து போக வழி இருக்கிறது; திரும்பி வர வழி இல்லை. இருந்த ஒரே வழியும் குழந்தைத்தனம் என்று அடைபட்டுவிட்டது. பெரியவர்களின் வழி இன்னும் பிடிபடவில்லை. (பெரியவர்களிலும் எத்தனை பேருக்கு அது பிடிபட்டிருக்கிறது என்பது வேறு கேள்வி.)

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் நடத்தும் ஆசிரியை நான். சமூக, உணர்வுத் திறன்கள் என்று இன்று பயிற்சி முகாம்களில் சொல்லப்படும் பாடத்தின் நடு நரம்பு இந்தத் திரும்பி வருதல்தான் என்பது என் நம்பிக்கை. கோபம் வரத்தான் செய்யும், பொறாமையும் வரும், ஒருவரை ஒருவர் நோகடிக்கவும் செய்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எந்த வழியாக மறுபடி வகுப்புக்குள் வருவாள், எந்த முகத்தோடு வருவாள் என்பதைத்தான் நாம் கற்றுக்கொடுக்க வேண்டும்.

உப்பல் ஹைதராபாத்தின் கிழக்கு ஓரம். வாரங்கல் நெடுஞ்சாலை இந்தப் பக்கமாகத்தான் ஊரை விட்டு வெளியேறுகிறது. 2017 நவம்பரில் மெட்ரோ ஓடத் தொடங்கியது. ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் சர்வே ஆஃப் இந்தியா வளாகம், நடுவில் கிரிக்கெட் ஸ்டேடியம், ஹப்சிகூடா தாண்டினால் என்.ஜி.ஆர்.ஐ., சி.சி.எம்.பி. ஆய்வுக்கூடங்கள். ஆகவே என் வகுப்பில் ஆய்வுக்கூட ஊழியரின் மகள் இருக்கிறாள். தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவரின் மகன் இருக்கிறான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து செகந்திராபாத்தில் இறங்கி இந்தப் பக்கம் வீடு கட்டிய தமிழ்க் குடும்பத்துப் பேரனும் உண்டு. தெலங்கானாவில் உயர்நிலைப் பள்ளி ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. பல தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் ஒரே ஜூன் மாதத்தில் வந்து சேர்கிறார்கள். அங்கே முதல் ரேங்க் வாங்கியவர்கள் நான்கைந்து பேர், கிளாஸ் லீடராக இருந்தவர்கள் நான்கைந்து பேர் ஒரே அறையில் உட்காருகிறார்கள். யார் யாருக்கு மேலே என்பது தீர்மானமாகும்வரை அந்த அறையில் உரசல் ஓயாது.

சமூக, உணர்வுத் திறன்களைக் கற்பிக்கும் துறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1968-ல் யேல் பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர், நியூ ஹேவன் நகரில் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் படித்த இரண்டு பள்ளிகளில் வேலையைத் தொடங்கினார். பிள்ளைகளின் படிப்பு அங்கே நிலவும் உறவுகளைப் பொறுத்தது என்பது அவர் கண்ட விஷயம். 1994-ல் காசெல் என்ற அமைப்பு உருவானது. தன்னை அறிதல், தன்னை நிர்வகித்தல், பிறரை அறிதல், உறவு பேணல், பொறுப்பான முடிவு என்று அது வகுத்த ஐந்து திறன்களைத்தான் இன்று உலகமெங்கும் ஒப்பிக்கிறோம். நம் நாட்டில் டெல்லி அரசு 2018 ஜூலையில், தலாய் லாமாவை அழைத்து, எட்டாம் வகுப்பு வரையிலான மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தைத் தொடங்கியது. 2020-ல் ஆயுஷ்மான் பாரத்தின் பள்ளி நலத் திட்டம் வந்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைப் பயிற்றுவித்து, மனநலமும் உறவுகளும் உள்ளிட்ட பதினோரு தலைப்புகளில் வாரம் ஒரு மணி நேரம் நடத்தச் சொல்கிறது அது.

இவை எல்லாமே வேண்டியவை. ஆனால் வார அட்டவணையில் ஒரு கட்டம் ஒதுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2011-ல் டர்லாக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 213 திட்டங்களையும் 2,70,000-க்கும் மேற்பட்ட மாணவர்களையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். இத்தகைய திட்டங்களில் இருந்த பிள்ளைகள் படிப்பிலேயே 11 சதமானப் புள்ளிகள் முன்னேறியிருந்தார்கள். படிப்படியாக, செய்து பார்க்கும் வகையில், நேரம் ஒதுக்கி, எதைக் கற்கிறோம் என்று தெளிவாகச் சொல்லி நடத்திய திட்டங்களே நன்றாகப் பலித்தன. 2022-ல் பிரிட்டனிலிருந்து வேறொரு முடிவு வந்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில், எங்கள் பிள்ளைகளின் வயதிலிருந்த எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களுக்கு மனக்குவியப் பயிற்சியைப் பாடமாக நடத்திப் பார்த்தார்கள். வழக்கமாகப் பள்ளி செய்வதைவிடப் பெரிய பலன் எதுவும் தெரியவில்லை. வகுப்பில் சொன்னதை வீட்டில் செய்து பார்த்த பிள்ளைகள் மிகக் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது ஆசிரியைக்கு ஒன்று விளங்குகிறது. அமைதியான நேரத்தில் கேட்ட பாடம் அமைதியான நேரத்துக்கே பயன்படும். சூடான நேரத்தில் கைகொடுக்க வேண்டுமானால், சூடான நேரத்திலேயே பழகியிருக்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் சூடான நேரம் எது என்று எல்லா ஆசிரியர்களுக்கும் தெரியும். சாப்பாட்டுக்கு அடுத்த பீரியட். மைதானத்தில் பாதியில் விட்ட சண்டை வியர்வையோடு உள்ளே வரும். ஒருவன் மேசையில் தலை கவிழ்த்திருப்பான், காது சிவந்திருக்கும், சட்டையின் மேல் பொத்தான் நூலில் தொங்கும். இன்னொருவன் எதுவுமே நடக்காதது போல வாட்டர் பாட்டிலைத் திறந்து மூடிக்கொண்டிருப்பான். மற்ற நாற்பது பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

சிக்கலே அந்த நாற்பது பேரும்தான். இந்த வயதில் வகுப்பு என்பது சபை. சபை நடுவில் கேட்கும் எந்தக் கேள்விக்கும் பிள்ளை எனக்குப் பதில் சொல்வதில்லை, சபைக்குத்தான் சொல்கிறான். ஆகவே முதலில் சபையைக் கலைக்க வேண்டும். இருவரையும் வெளியே நிற்கச் சொன்னால் அது தண்டனை. வெளியேயும் முறைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். வேலை கொடுத்து அனுப்பினால் அது மரியாதை. ஒருவன் நோட்டுகளை ஸ்டாஃப் ரூமில் வைத்துவிட்டு வர வேண்டும். இன்னொருவன் எதிர்த் திசையில் நூலகத்துக்குப் போய்ச் சுவர் வரைபடத்தை எடுத்து வர வேண்டும். வகுப்புக்கு அட்லஸில் ஆறுகளைத் தேடும் வேலை. போய் வருவதற்குள் மூச்சு இறங்கிவிடும். அதற்கு முன்பு பேசும் எந்த நல்ல வார்த்தையும் வீண். உடம்பு இறங்காமல் மனசு இறங்காது.

பிறகு மணி அடித்ததும் வராந்தாச் சுவரோரம், ஒவ்வொருவராக. என் கேள்விகள் மூன்றுதான். என்ன நடந்தது? அப்போ உள்ளே எப்படி இருந்துச்சு? இப்போ என்ன ஆனா நல்லா இருக்கும்? ஏன் என்ற கேள்வி இதில் கிடையாது. "எந்துக்கு சேசாவு?" (ஏன் செய்தாய்?) என்பது இங்கே பிள்ளைகள் அடி விழுவதற்கு முன்பு வீட்டில் கேட்டுப் பழகிய கேள்வி. அதற்கு அவர்களிடம் எப்போதும் ஒரு தற்காப்பு தயாராக இருக்கும். என்ன நடந்தது என்று கேட்டால் கதை வரும். கதை சொல்லும்போதே பாதி பேர் தங்கள் பங்கை எட்டிவிடுகிறார்கள். "அவன் தள்ளினான்." அதற்கு முன்னாடி? "நான் அவனை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டேன்." அதற்கு முன்னாடி? அங்கேதான் பெரும்பாலும் விஷயம் இருக்கும்.

இரண்டாவது கேள்வியில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். பையன்களுக்குக் கோபம் ஒன்றுதான் தெரியும். பெண் பிள்ளைகள் "டென்ஷன் மேடம்" என்று எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுவார்கள். நான் உணர்ச்சியின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு உடம்பைக் கேட்கிறேன். எங்கே இருந்துச்சு? தொண்டையிலா, வயிற்றிலா, காதிலா? தொண்டை என்பவன் பெரும்பாலும் அழுகையை விழுங்கியவன். வயிறு என்றால் பயம் இருந்திருக்கும். இங்கே எனக்கு மிகப் பழைய நூல் ஒன்று துணையாக நிற்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு உணர்ச்சிகளை வகுக்கிறது. ஒவ்வொன்றும் பிறக்கும் இடமாக நான்கு காரணங்களையும் சொல்கிறது. அழுகைக்கு அது முதலில் வைப்பது பிறர் நம்மை இழிவுபடுத்துவதை. பிறகு இழப்பு, இருந்த நிலையிலிருந்து தாழ்தல், வறுமை. கோபத்துக்கு உடலுக்கு வரும் ஊறு, குடும்பத்தைத் தாக்குதல், திட்டும் அடியும், கொலை. ஏழாம் வகுப்பில் அடிதடி எதிலிருந்து வருகிறது என்று என்னைக் கேட்டால் அந்த இரண்டாவது காரணத்தைத்தான் சொல்வேன். அப்பாவின் வேலையை இழுத்தால், அம்மாவின் பெயரைச் சொன்னால், எந்தச் சாதுப் பிள்ளையும் பாய்ந்துவிடும். அச்சத்துக்கான நான்கு காரணங்களில் தன்னை ஆள்பவரும் ஒருவர். வகுப்பறையில் அது நான். அதை மனதில் வைத்துத்தான் சுவரோரம் நிற்கும்போது பிள்ளையின் எதிரே நிற்காமல் பக்கத்தில் நிற்கிறேன்.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன். பள்ளிகளில் அதிகம் கெட்டுப்போயிருப்பது அதுதான். "சாரி செப்பு. ஷேக் ஹாண்ட் பண்ணு. போய் உட்காரு." முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். ஆசிரியருக்குப் பாடத்தைத் தொடர வேண்டும், அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த முக்கால் நிமிடத்தில் அடித்தவன் நடிக்கக் கற்றுக்கொள்கிறான், அடிபட்டவன் தன் வலிக்கு இங்கே மதிப்பில்லை என்று கற்றுக்கொள்கிறான். என் வகுப்பில் சாரி என்ற வார்த்தை கட்டாயம் கிடையாது. ஒரு துண்டுத் தாளில் மூன்று வரி எழுத வேண்டும். நான் செய்தது. அதனால் உனக்கு ஆனது. இனி நான் செய்யப்போவது. எந்த மொழியிலும் எழுதலாம். விதி ஒன்றே ஒன்று: "ஆனால்" வரக் கூடாது.

ஒரு தாள் என் மேசை டிராயரில் நெடுநாளாக இருக்கிறது. எழுதியவன் எழுத்தில் தடுமாறுகிற பையன். தெலுங்கில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: "நீ போட்ட கோலை நான் கோல் இல்லன்னு சொன்னேன். எல்லாரும் உன்னைச் சீட்டர்னு கூப்பிட்டாங்க. நாளைக்கு டீம் பிரிக்கும்போது உன்னைத்தான் முதல்ல எடுப்பேன்." மன்னிப்பு என்ற வார்த்தையே அதில் இல்லை. ஆனால் செய்ததை மூடி மறைக்காத நேர்மை இருக்கிறது, அடுத்தவன் பட்டதைச் சரியாகக் கண்ட கண் இருக்கிறது. மைதானத்தில் முதலாவதாக அழைக்கப்படுவதைவிட ஒரு பதின்வயதுப் பையனுக்குப் பெரிய ஈடு வேறு இல்லை. அந்த ஈட்டை நான் யோசித்துச் சொல்லியிருக்க முடியாது. அவர்கள் உலகத்தின் நாணயம் அவர்களுக்குத்தான் தெரியும்.

தாளை வாங்குபவருக்கு இரண்டு பதில்கள் உண்டு: "சரி", "இன்னும் இல்லை". இரண்டாவதை நான் விடாமல் காப்பாற்றி வருகிறேன். தன்னைக் கேலிப் பெயரால் அழைத்த தோழியிடம் ஒரு பெண் பல நாள் "இன்னும் இல்லை" என்றே சொன்னாள். சக ஆசிரியைகள்கூட, "பாவம், அந்தப் பொண்ணுதான் எழுதிக் கொடுத்துட்டாளே, நீங்க சொல்லக் கூடாதா?" என்று கேட்டார்கள். சொல்ல மாட்டேன். மன்னிக்க வேண்டிய நேரத்தை நான் குறித்தால் அது அவளுடைய மன்னிப்பு ஆகாது. காத்திருந்த பெண்ணும் ஒன்றைக் கற்றுக்கொண்டாள்: தாளைக் கொடுத்ததோடு கடன் தீர்ந்துவிடாது.

எல்லாவற்றையும் பேசித்தான் தீர்க்க வேண்டும் என்பதும் இல்லை. எதிரெதிரே உட்கார வைத்துப் பேசச் சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகள் இறுகிவிடுவார்கள். தோளோடு தோள் நின்று ஒரு வேலை செய்யச் சொன்னால் இளகுவார்கள். இதற்கு என் பாடமே எனக்கு வசதி. ஆறாம் வகுப்பில் வரைபடம் நடத்த வேண்டும். அளவு, திசை, குறியீடு. நிலஅளவையாளர்களுக்குப் பயிற்சி தரும் சர்வே ஆஃப் இந்தியாவின் நிறுவனம் எங்கள் உப்பலிலேயே இருக்கிறது. 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் 100 அடிச் சங்கிலியை நீட்டி நாட்டை அளக்கத் தொடங்கினார் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிப்போவேன். கையில் முப்பது மீட்டர் டேப். டேப்பைத் தனியாகப் பிடிக்க முடியாது. இரு முனையிலும் ஆள் வேண்டும்.

பிறந்தநாளுக்கு அழைக்காததால் மாதக்கணக்கில் பேசாமல் இருந்த இரண்டு பேரை ஒரு டேப்பின் இரு முனையில் நிறுத்தினேன். ஒருத்தி வேப்பமரத்தடியில், ஒருத்தி கேட்டருகில். நடுவில் மூன்றாவது ஒருத்தி நின்று, "அவ பூஜ்யத்துல வச்சிருக்காளாம்", "இவ இழுக்கச் சொல்றா" என்று தூது போய்க்கொண்டிருந்தாள். திசைகாட்டியைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று தூது போனவளை நான் கூப்பிட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் டேப் தொய்ந்து மண்ணில் கிடந்தது. காற்றில் புரண்டது. அப்புறம் கேட் பக்கத்திலிருந்து ஒரு கத்தல்: "லூஸா இருக்குடீ, இழு!" மரத்தடியிலிருந்து, "இழுத்துட்டேன், எவ்வளவு?" "பன்னெண்டு நாற்பது!" "சரியாப் பாரு, பன்னெண்டு நாலா, நாற்பதா?" நான் திரும்பிப் பார்க்கவில்லை. "பேசிட்டீங்களே, சபாஷ்" என்று சொல்லவில்லை. இந்தத் தொழிலில் கடினமானது அதுதான். பிள்ளைகள் திரும்பி வரும்போது அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொண்டால் வெட்கப்பட்டு மறுபடி போய்விடுவார்கள். அளவை நோட்டில் குறித்துக்கொண்டு அடுத்த பக்கச் சுவரை அளக்கச் சொன்னேன்.

திரும்பி வருவதற்குத் தன் தைரியம் மட்டும் போதாது, இன்னொருவர் இடம் கொடுக்க வேண்டும். இதை விளக்க உப்பல் பிள்ளைகளுக்கு மகாபாரதம்வரை போக வேண்டியதில்லை. ஸ்டேடியம் வரை போனால் போதும். 2024 ஜனவரியில் இங்கே நடந்த டெஸ்டில் இங்கிலாந்தின் டாம் ஹார்ட்லி தன் முதல் டெஸ்ட் பந்தை வீசினார். ஜெய்ஸ்வால் அதை சிக்ஸருக்கு அனுப்பினார். அந்த இன்னிங்ஸில் ஹார்ட்லி 131 ரன் கொடுத்து இரண்டே விக்கெட் எடுத்தார். கேப்டன் ஸ்டோக்ஸ் அவரை ஒளித்து வைக்கவில்லை. அடி வாங்க வாங்கத் தொடர்ந்து பந்தைக் கொடுத்தார். முதல் இன்னிங்ஸில் 190 ரன் பின்தங்கிய இங்கிலாந்து கடைசியில் 28 ரன்னில் ஜெயித்தது. இரண்டாவது இன்னிங்ஸில் ஹார்ட்லிக்கு 62 ரன்னுக்கு 7 விக்கெட். இந்தியா தோற்ற ஆட்டம் என்பதால் பிள்ளைகளுக்கு இன்றும் கசப்புதான். ஆனாலும் எஃப்.ஏ. (வளரறி மதிப்பீட்டு) தேர்வுத் தாள் திருப்பிக் கொடுக்கும் நாளில் இதைத்தான் எடுக்கிறேன். முதல் நாள் அடி வாங்கிய பையனிடம் அன்று ராத்திரி யார் என்ன சொல்லியிருக்கலாம், நீ அந்த டீமில் இருந்தால் என்ன சொல்வாய் என்று எழுதச் சொல்வேன். பிறகுதான் தாள்கள். பக்கத்து பெஞ்சுக்காரன் குறைந்த மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருக்கும்போது, இப்போதுதான் எழுதிய வரி கைவசம் இருக்கும். அதை அவன் அப்படியே சொல்ல மாட்டான். ஆனால் "எவ்வளவுடா?" என்று கத்திக் கேட்கவும் மாட்டான்.

ஒதுக்கி வைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிதடி கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. கிப்லிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு பூங்காவில் இருந்தபோது பறக்கும் தட்டு ஒன்று அவர் பக்கம் வந்து விழுந்தது. எடுத்து எறிந்தார். முன்பின் தெரியாத இருவர் அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் அவர் பக்கம் எறிவதை நிறுத்திவிட்டார்கள். தனக்கு அது இவ்வளவு வலித்ததே என்ற வியப்பிலிருந்து அவர் ஒரு சோதனையை உருவாக்கினார். கணினியில் மூவர் பந்து எறியும் விளையாட்டு. கொஞ்ச நேரத்துக்குப் பிறகு உங்களுக்கு மட்டும் பந்து வராது. 2003-ல் அதை வைத்து மூளையைப் படம் பிடித்தவர்கள், உடல் வலியோடு தொடர்புடைய ஒரு பகுதி அப்போது கூடுதலாக இயங்குவதைக் கண்டார்கள். முகம் தெரியாதவர்களிடம் பந்து வராததற்கே அப்படி என்றால், அம்மாவின் போனில் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நேற்று ராத்திரி தன்னைத் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்து காலையில் அதே வகுப்புக்குள் நுழையும் ஏழாம் வகுப்புப் பெண்ணை யோசித்துப் பாருங்கள். அவளுக்குத் தலைவலி என்பாள், வயிற்றுவலி என்பாள். நான் நடிப்பு என்று நினைப்பதில்லை. குழு பிரிக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடாமல் நானே வைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். "உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேர்ந்துக்கோங்க" என்ற ஒரு வாக்கியம், யாருக்கும் பிடிக்காதவர் யார் என்பதை வகுப்புக்கே அறிவித்துவிடுகிறது.

இதில் ஒரு கோடு இருக்கிறது, அதைக் கண்டிப்பாகப் போட வேண்டும். திரும்பி வருதல் என்பது சமமானவர்களுக்குள் நடந்த சண்டைக்கு. ஒருவனை ஒரு கூட்டம் நாள் தவறாமல் துன்புறுத்துவது சண்டை அல்ல. சாதியை, மதத்தை, நிறத்தை, ஊரை வைத்து ஒரு பிள்ளையைச் சிறுமைப்படுத்துவதும் சண்டை அல்ல. அங்கே இருவரையும் நிறுத்தி மூன்று வரித் தாள் எழுதச் சொல்வது, அடிபட்டவரை மறுபடி அடிப்பவர் கையில் ஒப்படைப்பது. அங்கே முதல் வேலை பாதுகாப்பு. நிர்வாகமும் பெற்றோரும் உள்ளே வர வேண்டும். பாலியல் துன்புறுத்தல் எதுவாக இருந்தாலும் போக்சோ சட்டப்படி புகார் அளித்தே ஆக வேண்டும். ஆசிரியர் தனக்குள் வைத்துக்கொள்ள உரிமை கிடையாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணையும் வகுப்புச் சுவரில் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ஆசிரியரின் கண்மட்டத்தில் எழுதினால் யாரும் படிப்பதில்லை.

பெற்றோர் கூட்டத்தில் அடிக்கடி கேட்கும் வாக்கியம்: "ரெண்டு தெப்பலு வேயண்டி (ரெண்டு அடி போடுங்க) மேடம், சரியாயிடுவான்." சொல்பவர் கெட்ட தகப்பன் இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து, தூங்காமல் பள்ளிக்கு வந்து நிற்கிறார். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது என்று சட்டம் பேசினால் அவர் வாயை மூடிக்கொள்வார், மனசு மாறாது. நான் அவரிடம் மகன் எழுதிய மூன்று வரியைக் காட்டுகிறேன். ஒரு அப்பா அதை இரண்டு முறை படித்தார். "இது அவனே எழுதினதா?" என்று கேட்டார். பிறகு மகன் பக்கம் திரும்பி, "போன வாரம் உன் தங்கச்சி முன்னாடி உன்னைத் திட்டினேன்ல" என்று ஆரம்பித்தார். மேலே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அடுத்த பெற்றோரை அழைக்க எழுந்துவிட்டேன்.

எட்டாம் வகுப்பு ஜனவரிக்குள் பல சண்டைகள் என் காதுக்கு வருவதே இல்லை. தாள்கள் என்னைக் கேட்காமல் கைமாறுகின்றன. சில நேரம் தாள்கூட இல்லை, ஒரு பையன் இன்னொருவனிடம், "மூணு சொல்லட்டா?" என்று கேட்பதைப் படிக்கட்டில் கேட்டிருக்கிறேன். அவர்களே ஒரு புது விரலைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. எல்லாரும் அல்ல. சிலருக்கு வீட்டில் நடப்பது என் வராந்தாவைவிடப் பெரியது. அந்தப் பிள்ளைகளுக்கு ஆலோசகர் வேண்டும், ஆசிரியை போதாது. உப்பல், ராமந்தாபூர், போடுப்பல் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனை பள்ளிகள், அத்தனைக்கும் முழுநேர ஆலோசகர் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுவரை தலைமை ஆசிரியர்களிடம் நான் கேட்பது சிறிய விஷயம். ஜூனில் நேர அட்டவணை போடும்போது, ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் சாப்பாட்டுக்கு அடுத்த பீரியடை அந்தந்த கிளாஸ் டீச்சருக்கே கொடுங்கள். கணக்கோ தமிழோ தெலுங்கோ, எந்தப் பாடமாக இருந்தாலும் சரி, பிள்ளைகளைப் பெயரோடும் வீட்டோடும் அறிந்தவர் அந்த நேரத்தில் உள்ளே இருக்கட்டும். அந்தப் பீரியடின் முதல் பத்து நிமிடத்துக்குப் பாடக்குறிப்பேட்டில் கணக்குக் கேட்காதீர்கள். அடுத்த மணிக்கு அவர் வராந்தாவில் ஒரு பிள்ளையோடு நின்றுகொண்டிருந்தால், அவருடைய அடுத்த வகுப்பை ஐந்து நிமிடம் பார்த்துக்கொள்ள ஒருவரை அனுப்புங்கள்.